பிளவு கீபோர்டு அன்றாட வேலைக்குச் சரிப்படுமா? தமிழும் தட்டுகிற ஒருவருக்குப் பதில்

கேள்வி இதுதான். ஒருவர் தினமும் ஏழெட்டு மணி நேரம் தட்டச்சு செய்கிறார். பாதி ஆங்கிலம், பாதி தமிழ், தமிழுக்குத் தமிழ்99 என்ற விசை அமைப்பு. மாலையானால் தோள்பட்டை இறுகிப்போகிறது, மணிக்கட்டு குடைகிறது. இரண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும் சின்னஞ்சிறு மெக்கானிக்கல் கீபோர்டுகளை வீடியோக்களில் பார்த்திருக்கிறார். அன்றாட வேலைக்கு அது சரிப்படுமா, எதை வாங்குவது, பழக எவ்வளவு நாளாகும் என்று கேட்கிறார்.

சரிப்படும். ஆனால் அந்த வீடியோவில் பார்த்த கீபோர்டை வாங்காதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மொழிபெயர்ப்பாளன். ஐந்து வருடமாகப் பிளவு கீபோர்டில்தான் பிழைப்பு ஓடுகிறது. இதற்குள் மூன்று கீபோர்டுகள் மாற்றிவிட்டேன். அதில் நடுவில் வந்தது என் பேராசைக்குக் கிடைத்த பாடம். அதைப் பிறகு சொல்கிறேன்.

'பிளவு எர்கோனாமிக் மெக்கானிக்கல் கீபோர்டு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதில் ஐந்து தனித்தனிச் சங்கதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டாகப் பிரிந்திருப்பது ஒன்று. நடுப்பக்கம் உயர்ந்து ஓட்டுக் கூரைபோல இருபுறமும் சாய்ந்திருப்பது இன்னொன்று. விசைகள் நெட்டு வரிசையாக, விரல் நீளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கி நிற்பது மூன்றாவது. விசைகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, விட்டுப்போனவற்றை லேயர்களுக்குள், அதாவது வேறொரு விசையைப் பிடித்துக்கொண்டால் மட்டும் கிடைக்கும் அடுக்குகளுக்குள், ஒளித்துவைப்பது நான்காவது. அடியில் ரப்பருக்குப் பதிலாக ஒவ்வொரு விசைக்கும் தனி சுவிட்ச் இருப்பது ஐந்தாவது. உங்கள் தோளுக்கு வேண்டியது முதலாவது. மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் இரண்டாவது ஓரளவு உதவும். மற்ற மூன்றும் ருசி. ஆனால் சந்தையில் இவை ஐந்தும் பெரும்பாலும் ஒரே மூட்டையாகத்தான் கிடைக்கின்றன. வாங்குகிறவர் அந்த மூட்டையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, நாலாவதைப் பழக முடியாமல் முதலாவதையும் சேர்த்துப் பரணில் போட்டுவிடுகிறார். நான் பார்த்த தோல்விகள் எல்லாம் இந்த வகைதான்.

பிரிந்திருப்பது ஏன் முக்கியம்? சாதாரண கீபோர்டில் விசைக்கு விசை இடைவெளி 19.05 மில்லிமீட்டர். இரண்டு ஆள்காட்டி விரல்களும் உட்காரும் எஃப் விசைக்கும் ஜே விசைக்கும் நடுவே மூன்று இடைவெளிகள், அதாவது சுமார் 57 மில்லிமீட்டர். உங்கள் தோள் அகலம் அதைப்போல எத்தனை மடங்கு என்று நினைத்துப் பாருங்கள். முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்க, முன்கைகள் உள்பக்கமாகச் சரிந்து அந்த 57 மில்லிமீட்டரில் வந்து கூட வேண்டும். சரிந்து வந்த கை விசை வரிசைக்கு நேராக நிற்க வேண்டுமே, அதற்காக மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக வெளியே வளைகிறது. நாள் முழுக்க அந்த வளைவிலேயே கை வேலை செய்கிறது. தோள் முன்பக்கமாகக் குவிகிறது. இரண்டு பாதியையும் தோள் அகலத்துக்குத் தள்ளிவைத்தால் இந்த வளைவு தானாகவே நேராகிவிடும். பிளவின் ரகசியம் இவ்வளவுதான். பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை.

இது புது யோசனையும் இல்லை. ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க் என்பவர் 1926-லேயே தட்டச்சுப் பொறியின் விசைகளை இரண்டு கைக்கும் இரண்டு தொகுதியாகப் பிரித்துச் சாய்க்க வேண்டும் என்று எழுதினார். கார்ல் குரோமர் 1972-இல் அதைச் சோதித்துக் கட்டுரை வெளியிட்டார். இங்கிலாந்தில் மால்ட்ரான், அமெரிக்காவில் 1992-இல் கினிசிஸ், 1994-இல் மைக்ரோசாஃப்ட்டின் நேச்சுரல் கீபோர்டு என்று ஒவ்வொரு தலைமுறையும் இதைத் திரும்பக் கண்டுபிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. இப்போதைய அலை எர்கோடாக்ஸ் என்ற திறந்தமூல (யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளக்கூடிய) வடிவமைப்பிலிருந்து கிளம்பியது. அதன் குட்டிகளும் பேரக்குட்டிகளும்தான் நீங்கள் வீடியோவில் பார்க்கும் கார்னே, லிலி58, சோஃப்ளே எல்லாம்.

வலி போய்விடுமா என்ற கேள்விக்கு நேர்மையாகச் சொல்கிறேன். மணிக்கட்டின் வளைவைப் பிளவு குறைக்கிறது என்பது அளந்து பார்க்கக்கூடிய விஷயம். ஆனால் வளைவு குறைந்தால் நோய் தீரும் என்பதற்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை. மணிக்கட்டில் நரம்பு நெரிபடும் கார்ப்பல் டனல் நோயாளிகளுக்கு எர்கோனாமிக் கீபோர்டு போன்ற கருவிகள் பலன் தருகின்றனவா என்று நடந்த ஆய்வுகளை, மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2012-இல் தொகுத்துப் பார்த்துவிட்டு, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. அதனால் இதை மருந்தாக நினைக்காதீர்கள். பொருந்தாத செருப்பை மாற்றுவதுபோல நினையுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் ராத்திரியில் மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது என்றால், கீபோர்டு பார்ப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். சுண்டுவிரல் மரத்தால் அது வேறு நரம்பு. பல சமயம் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுவதால் வருவது. அதற்கு எந்தக் கீபோர்டும் ஒன்றும் செய்யாது.

எனக்குத் தோள் இறுக்கம் இரண்டே வாரத்தில் குறைந்தது. மணிக்கட்டுக் குடைச்சல் முழுதாகப் போகவில்லை. அதற்குக் காரணம் மேசை உயரம் என்று புரிய இன்னும் ஆறு மாதம் பிடித்தது.

இப்போது தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், சொல்ல அவர்களுக்குத் தேவையும் இல்லை.

தமிழ்99, பிளவு கீபோர்டுக்கென்றே யோசித்து வைத்ததுபோல இருக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த முறை அது. அப்போது இந்த மாதிரிக் கீபோர்டெல்லாம் யார் மனதிலும் இருந்திருக்காது. ஆனாலும் அதன் அடிப்படை, உயிர் எல்லாம் இடக்கை, மெய் எல்லாம் வலக்கை. வ, ங இரண்டு மட்டும் கீழ்வரிசையில் இடப்பக்கம் வந்து சேர்ந்திருக்கின்றன. தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் கைகளும் மாறி மாறி வேலை செய்கின்றன. 'தமிழ்' என்று தட்டிப் பாருங்கள்: த வலக்கை, ம வலக்கை, இ இடக்கை, ழ வலக்கை, புள்ளி இடக்கை. ஐந்து தட்டு. 'வணக்கம்' ஆறே தட்டு; க இரண்டு முறை தட்டினால் நடுவில் புள்ளி தானாக விழுந்துவிடும். இதையே ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தட்டினால் எட்டு எழுத்து, ண-வுக்கு ஷிஃப்ட் வேறு. இரண்டு பாதியும் ஓரடி தள்ளி இருக்கும்போது இந்தக் கைமாற்றம் நன்றாகவே உணரத் தெரியும். உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுகிற மாதிரி ஒரு தாளம் வந்துவிடும். ஆங்கிலத்தில் எனக்கு இது கிடைத்ததே இல்லை.

சரி, நல்ல செய்தி முடிந்தது. சிக்கல் ச-வில் இருக்கிறது.

தமிழ்99-இல் மேல்வரிசையின் வலப்பக்கம் ள, ற, ன, ட, ண, ச, ஞ என்று போகும். ண இருப்பது ஆங்கில வரிசையின் கடைசி எழுத்தில். அதற்கும் வலப்புறம், சதுர அடைப்புக்குறிகள் இரண்டும் இருக்கும் விசைகளில் ச-வும் ஞ-வும் உட்கார்ந்திருக்கின்றன. அதாவது ண-வுக்கு வலப்புறம் இரண்டு விசை வேண்டும். நெட்டு வரிசைக் கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றில் அங்கே ஒரே ஒரு நெட்டு வரிசைதான் இருக்கிறது. 42 விசை கார்னேயில் மட்டுமல்ல, 76 விசை எர்கோடாக்ஸிலும் அப்படித்தான், மூன்லேண்டரிலும் அப்படித்தான். கினிசிஸ் அட்வான்டேஜ் குடும்பத்தில் அடைப்புக்குறிகள் இரண்டும் வலக்கையின் அடிவரிசைக்குப் போய்விட்டன. அடைப்புக்குறி எப்போதாவது தேவைப்படுகிற ஆங்கிலக்காரருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நமக்கோ 'சென்னை' என்று எழுதவே லேயருக்குள் போய்வர வேண்டியிருக்கும். 'பேசிச் சிரித்தான்' என்று ஒரு வாக்கியம் வந்தால் கட்டைவிரல் அழும்.

அதனால் வாங்குவதற்கு முன் படத்தை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். வலப் பாதியின் மேல்வரிசையில் ண-வுக்கு அப்புறம் இரண்டு விசை இருக்கிறதா? இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முன்னேறலாம். ஒன்றுதான் என்றால் மாற்றியமைக்கத் தயாராக இருக்க வேண்டும். நான் செய்த ஏற்பாடு இது: அந்த ஒற்றை இடத்தில் வழக்கமாக இருக்கும் பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்கு இறக்கிவிட்டு, அங்கே ச-வை வைத்தேன். ஞ தனியாக அதிகம் வராது, 'ஞ்ச' என்று வரும்போதுதான் வரும். அதை லேயரில் அதே விசைக்கு அடியில் போட்டேன். பேக்ஸ்பேஸ் கட்டைவிரலுக்கு வந்தது எதிர்பாராத லாபம். என்னைப்போல அதிகம் அடித்து எழுதுகிறவர்களுக்குச் சுண்டுவிரல் நன்றி சொல்லும்.

ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆங்கில எழுத்து இருந்தால் போதும். ஆனால் ள, ண, ற எல்லாவற்றுக்கும் ஷிஃப்ட் தேவைப்படுவதால், ஷிஃப்டைக் கட்டைவிரலில் வைத்துக்கொள்வது பெரிய நிம்மதி. தமிழ்99-லும் ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் ஷிஃப்டோடு இடக்கை மேல்வரிசையில் வருவதால் வலது கட்டைவிரல் ஷிஃப்ட் கைகொடுக்கும்.

இன்னொரு பொறி இருக்கிறது, அதில் நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு விழித்தேன். இந்தக் கீபோர்டுகளுக்குள் க்யூஎம்கே, இசட்எம்கே போன்ற மென்பொருள் இருக்கும். எந்த விசை என்ன அனுப்ப வேண்டும் என்று நாமே எழுதிவைக்கலாம். அந்த உற்சாகத்தில் வழக்கமான குவெர்ட்டி எழுத்து வரிசையை விட்டு டுவோராக், கோல்மேக் என்று வேறு வரிசைகளுக்குத் தாவுகிறவர்கள் உண்டு. நானும் கோல்மேக்கைக் கீபோர்டுக்குள்ளேயே ஏற்றினேன். மறுநாள் தமிழுக்கு மாற்றினால் ஒரு சொல்லும் சொல்லாக வரவில்லை. காரணம் எளிது. க எங்கே, ப எங்கே என்று கீபோர்டுக்குத் தெரியாது. அது ஆங்கில விசையின் குறியீட்டைத்தான் அனுப்புகிறது; அதைத் தமிழாக்குவது கணினியில் இருக்கும் தமிழ்99. கீபோர்டுக்குள் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றினால், அவற்றின் முதுகில் சவாரி செய்யும் தமிழும் சேர்ந்து சிதறிவிடும். ஆங்கில அமைப்பை மாற்றியே தீர வேண்டும் என்றால் அதைக் கணினி அமைப்பில் மாற்றுங்கள், கீபோர்டுக்குள் குவெர்ட்டியே இருக்கட்டும். அல்லது தமிழ் எழுதும்போது குவெர்ட்டி லேயருக்குத் திரும்ப ஒரு விசை வைத்துக்கொள்ளுங்கள். என் யோசனை கேட்டால், மாற்றாதீர்கள். பிளவைப் பழகுவதே ஒரு வேலை. கூடவே எழுத்து வரிசையையும் மாற்றுவது கல்யாணமும் வீடுமாற்றமும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்வதுபோல.

ஹோம் ரோ மாடிஃபயர் என்று ஒரு உத்தியைப் பலர் பரிந்துரைப்பார்கள். நடுவரிசை எழுத்து விசையைத் தட்டினால் எழுத்து, அழுத்திப் பிடித்தால் கன்ட்ரோல் அல்லது ஷிஃப்ட். ஆங்கிலத்தில் வேகமாகத் தட்டும்போது ஒரு எழுத்தை விடுவதற்குள் அடுத்ததை அழுத்திவிடுவோம். அப்போது தவறாகக் கன்ட்ரோல் விழாமல் இருக்க, 'அடுத்த விசை எதிர்க்கையில் இருந்தால் மட்டும் பிடித்ததாகக் கொள்' என்று ஒரு விதி போடுவார்கள். ஒரே கையில் உருண்டு வரும் ஆங்கிலச் சொற்களுக்கு அது காப்பு. தமிழ்99-இல் அந்தக் காப்பு உடைந்துவிடும். இடது ஆள்காட்டி விரலில் புள்ளி இருக்கிறது, சொல்லுக்குச் சொல் வருகிறது, அதற்கு அடுத்து வருவது பெரும்பாலும் வலக்கை மெய். அதாவது எப்போதுமே எதிர்க்கை. புள்ளியைக் கொஞ்சம் தாமதமாக விட்டால் எழுத்துக்குப் பதில் ஏதோ குறுக்குவழி இயங்கி, தேடல் பெட்டி திறந்து நிற்கும். எனக்கு ஒருமுறை பாதி அத்தியாயம் மறைந்து, அன்டூ இருந்ததால் பிழைத்தேன். தமிழ் அதிகம் தட்டுகிறவர் கன்ட்ரோல், ஷிஃப்ட் எல்லாவற்றையும் அவற்றுக்கென்று தனி விசையிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

அதே மென்பொருளால் கிடைக்கும் உண்மையான சௌகரியம் ஒன்று உண்டு: தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற ஒற்றை விசை. விண்டோஸில் விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்துகிறோமே, அந்தச் சேர்க்கையை அப்படியே ஒரு கட்டைவிரல் விசையில் வைத்துவிடலாம். ஒரு நாளைக்கு நூறு தடவை மொழி மாறுகிற எனக்கு, இந்த ஒரு விசைக்காகவே கொடுத்த காசு செரித்துவிட்டது.

எதை வாங்குவது? மேலே சொன்னதிலிருந்தே என் பதில் தெரிந்திருக்கும். முதல் பிளவு கீபோர்டு, வழக்கமான படுக்கை வரிசை நகர்வோடு (வரிசைக்கு வரிசை விசைகள் கொஞ்சம் தள்ளி நிற்பது), எழுத்து, எண் விசைகள் எல்லாம் உள்ளதாக, நடுவில் வெட்டினாற்போல இருக்கட்டும். கினிசிஸ் ஃப்ரீஸ்டைல் புரோ, கீக்ரான் கியூ11, டிக்மா ரெய்ஸ் எல்லாம் அந்த வகை. மூன்றிலும் ச, ஞ அதனதன் இடத்தில் இருக்கும். கியூ11 கனமான அலுமினியம்; அசையாது, ஆனால் நடுவை உயர்த்தக் கால்கள் கிடையாது. ஃப்ரீஸ்டைலுக்கு உயர்த்தும் கால்கள் தனியாகக் கிடைக்கும். விசைகள் ஒன்றுக்கொன்று சாய்ந்து நகர்ந்திருப்பது பழைய தட்டச்சுப் பொறியின் இரும்புக் கம்பிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க வந்த ஏற்பாடு என்பதும், இன்று அதற்கு அவசியமில்லை என்பதும் உண்மைதான். நெட்டு வரிசை விரலுக்கு இதமாகத்தான் இருக்கிறது. நான் இப்போது வைத்திருப்பது அதுதான். ஆனாலும் உங்கள் தோள்வலிக்கும் அந்தச் சாய்வுக்கும் சம்பந்தம் குறைவு. அது இரண்டாவது கீபோர்டுக்கான ஆசை.

என் பேராசைக் கதை இங்கேதான் வருகிறது. முதல் கீபோர்டு நன்றாகவே இருந்தது. ஒரு வருடம் கழித்து, 42 விசையில் உலகத்தையே தட்டுகிறார்கள் என்று பார்த்து மயங்கி, அதை வாங்கினேன். எண் வரிசை கிடையாது, எண்ணெல்லாம் லேயரில். கட்டுரை முழுக்க ஆண்டுகளும் தொகைகளும் வருகிற வேலையில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிரல் எழுதுகிறவர்கள் இதைச் சந்தோஷமாகச் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு நான்கு மாதம் கழித்து இடது கட்டைவிரலின் அடிப்பகுதி, மணிக்கட்டோடு சேரும் இடம், வலிக்க ஆரம்பித்தது. கட்டைவிரல் வலுவான விரல் என்று எல்லோரும் அதன் தலையில் ஸ்பேஸ், என்டர், பேக்ஸ்பேஸ், லேயர் என்று சுமத்துகிறார்கள். வலுவானதுதான், ஆனால் பக்கவாட்டில் நீட்டி நீட்டி அழுத்த அது ஒத்துக்கொள்ளாது. கட்டைவிரலுக்கு இரண்டு விசை, போனால் மூன்று. அவையும் விரல் இயல்பாக விழும் இடத்தில் இருக்க வேண்டும். கை சிறியதாக இருப்பவர்கள் பெரிய கட்டைவிரல் தொகுதிகள் உள்ளவற்றை வாங்கும்முன் இதைக் கவனியுங்கள்.

பழகும் காலம். எழுத்து வரிசையை மாற்றாமல், படுக்கை வரிசைப் பிளவுக்குப் போனால் மூன்று நாள் தடுமாற்றம், இரண்டு வாரத்தில் பழைய வேகம். நெட்டு வரிசைக்குப் போனால் முதல் நாள் ஒரு மின்னஞ்சல் எழுதவே அழுகை வரும். எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் பழைய வேகத்தின் அருகே வர முடிந்தது. வேகம் கூடுமா என்றால் கூடவில்லை. அதற்காக யாரும் வாங்க வேண்டாம்.

தடுமாற்றம் எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லலாம். கீழ்வரிசையின் நடுவில் ங இருக்கும் விசை, ஆங்கிலத்தில் பி. அதை வலக்கையால் தட்டும் பழக்கம் தானாகக் கற்றவர்களில் பலருக்கு உண்டு. பிளவில் அது இடப் பாதியோடு போய்விடுவதால், வலது ஆள்காட்டி விரல் வெறும் மேசையைத் தட்டும். தமிழில் ங அபூர்வம், அதனால் இது ஆங்கிலத்தில்தான் உறைக்கும். 6-ஆம் எண்ணும் இப்படித்தான். மைக்ரோசாஃப்ட் நேச்சுரலில் அதை இடப் பாதியில் வைத்தார்கள், நெட்டு வரிசைக் கீபோர்டுகளில் பெரும்பாலும் வலப் பாதியில் இருக்கிறது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இருக்காது. அங்கே எந்த விரலுக்கு எந்த விசை என்று அடித்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். விசையைப் பார்த்துத் தட்டுகிறவர் என்றால் முதலில் பார்க்காமல் தட்டப் பழகிவிட்டு வாருங்கள். நெட்டு வரிசைக் கீபோர்டுகளின் விசை மூடிகளில் பல எழுத்தே இல்லாமல் வரும். தமிழ் எழுத்துப் பதித்த மூடிகளை எதிர்பார்க்கவே வேண்டாம், ஸ்டிக்கர்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

லேப்டாப் கீபோர்டு மறந்துபோகுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். மறக்காது, வாரத்தில் ஓரிரு முறை அதிலும் தட்டினால். இரண்டு சைக்கிள் ஓட்டுவதுபோலத்தான். ஆனால் பக்கத்து மேசைக்காரர் வந்து உங்கள் கணினியில் பாஸ்வேர்டு போட வேண்டும் என்றால் திண்டாடுவார். மேசை ஓரத்தில் ஒரு பழைய கீபோர்டு இருக்கட்டும்.

அமைக்கும் விதத்தில் மூன்று விஷயம். முதல் நாளே இரண்டையும் தோள் அகலத்துக்கு இழுக்காதீர்கள். ஒரு சாண் இடைவெளியில் தொடங்கி, நாளுக்கு நாள் தள்ளுங்கள். நடுவில் கிடைக்கும் இடத்தில் மூலப் புத்தகத்தை வைத்துக்கொள்ளலாம். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த காலம் போய்விட்டது. மொழிபெயர்ப்பாளருக்கு இது தனி லாபம். எண் விசைத் தொகுதி இல்லாததால் மவுஸும் பக்கத்திலேயே வந்துவிடும். அடுத்து சாய்வு. உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி கையைத் திருப்பும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே புரள்கின்றன. நடுப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் அந்த முறுக்கு தளரும். 10 டிகிரி போதும், ஆரம்பத்தில் மெல்லிய புத்தகம் ஒன்றை அடியில் வைத்தே பார்க்கலாம். 40, 50 டிகிரியெல்லாம் படம் எடுக்க நன்றாக இருக்கும். விசையை அழுத்தும்போது கீபோர்டு நகரும்.

மூன்றாவது உயரம், இதில்தான் நான் கோட்டைவிட்டேன். மேசைகள் சுமார் 75 சென்டிமீட்டர் உயரத்தில் வருகின்றன. ஐந்தேகால் அடி உயரமுள்ள ஒருவர் காலைத் தரையில் வைத்து உட்கார்ந்தால் முழங்கை அதற்கு நன்றாகவே கீழே இருக்கும். அதன்மேல் தடிமனான மெக்கானிக்கல் கீபோர்டு, அதன்மேல் சாய்வு. மணிக்கட்டு மேல்நோக்கி மடங்காமல் என்ன செய்யும்? நாற்காலியை உயர்த்தி, காலுக்கடியில் ஒரு பலகை போட்டேன், குடைச்சல் போய்விட்டது. பலகைக்கு ஆன செலவை எழுதினால் கீபோர்டுக்குக் கொடுத்ததை நினைத்து வயிறு எரியும், விட்டுவிடுகிறேன். கீபோர்டின் பின்பக்கம் இருக்கும் மடக்குக் கால்களை நிமிர்த்தவே நிமிர்த்தாதீர்கள். மணிக்கட்டுத் திண்டு இருந்தால், அது யோசிக்கும்போது கையை வைக்க. தட்டும்போது கை மிதக்க வேண்டும்.

சுவிட்ச் பற்றி வீடியோக்காரர்கள் ஒரு மணி நேரம் பேசுவார்கள். எனக்குச் சொல்ல இரண்டு வரிதான் இருக்கிறது. நீல நிறச் சுவிட்ச் கிளிக் கிளிக் என்று கத்தும், வீட்டில் யாராவது தூங்க வேண்டுமென்றால் வேண்டாம். செர்ரியின் சிவப்பு 45 சென்டிநியூட்டன் அழுத்தத்தில், 4 மில்லிமீட்டர் பயணத்தில் பாதி தூரத்திலேயே பதிந்துவிடும். அது போன்ற இலகுவான எதுவும் நாள் முழுக்கத் தட்ட ஏற்றது. சுவிட்சைக் கழற்றி மாற்றக்கூடிய வகை என்றால் பிடிக்காதபோது மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கும்போது விலைக்குமேல் விலை உண்டு என்பதை மறக்காதீர்கள். மூன்லேண்டர், வாயேஜர் என்ற கீபோர்டுகள் வெளிவந்தபோது ஒவ்வொன்றும் 365 டாலர்; இந்தியாவுக்கு வரவழைத்தால் அனுப்பும் கூலியும் சுங்கவரியும் மேலே சேரும். கார்னே, சோஃப்ளே போன்றவை திறந்தமூலம் என்பதால் பலகையையும் பாகங்களையும் இங்கேயே வாங்கிச் சொந்தமாகச் சால்டர் செய்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வகையில் பலவற்றில் இரண்டு பாதியையும் ஹெட்ஃபோன் வயர் மாதிரியான ஒன்று இணைக்கும். கணினியோடு யூஎஸ்பி இணைந்திருக்கும்போது அந்த வயரைப் பிடுங்காதீர்கள், செருகவும் செய்யாதீர்கள். உருவும்போது அதன் வளையங்கள் தவறான முனையில் உரசி ஷார்ட் ஆகும். மேசை துடைக்கும் அவசரத்தில் பிடுங்கி, ஒரு பாதியின் மூளையை நான் எரித்திருக்கிறேன்.

இவ்வளவு படித்தும் வாங்குவதா வேண்டாமா என்று தயக்கமாக இருந்தால், காசில்லாமல் ஒரு சோதனை இருக்கிறது. வீட்டில் கிடக்கும் இரண்டு சாதாரண யூஎஸ்பி கீபோர்டுகளையும் ஒரே கணினியில் செருகுங்கள். விண்டோஸ் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். ஒன்றில் ஷிஃப்டைப் பிடித்து மற்றதில் எழுத்தைத் தட்டினாலும் வேலை செய்யும். மேக்கில் அப்படி வராது, ஷிஃப்டும் எழுத்தும் ஒரே கீபோர்டில் இருக்க வேண்டும். இடக்கையை இடது கீபோர்டின் உயிர்கள் மேலும், வலக்கையை வலது கீபோர்டின் மெய்கள் மேலும் வைத்துத் தட்டுங்கள். இடப்பக்கம் வைப்பது எண் விசைத் தொகுதி இல்லாத சிறியதாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கைகள் ரொம்ப அகன்றுவிடும். பார்க்கக் கேலியாக இருக்கும். ஒரு வாரம் மாலை வேலைகளை அப்படிச் செய்து பார்த்துவிட்டு, தோள் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். அப்புறம் எந்த மாடல் என்று பேசலாம்.